சப்பாத்தைக் கழற்றியவன்

யார் வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். போலீஸில் சேர்ந்த பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. சோதனை போடப் போகிற வீடாக இருந்தாலும் அப்படித்தான். சவிரிமுத்து ஆளைப் பிடிக்க வந்தானா, படுத்துத் தூங்க வந்தானா என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். காலுறையில் ஓட்டை இருந்த நாட்களும் உண்டு. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை.

மதாம் அக்‌ஷரா, நீங்கள் பிரெஞ்சில் கேட்டீர்கள், நான் தமிழில் சொல்கிறேன் என்றேன். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் காதில் விழுந்ததைப் பிரெஞ்சில் சொல்லும்போது சிலதை விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது. அதற்காகத்தானே உள்விசாரணை என்று என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். நீங்கள் இங்கே பிறந்து சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்தவர் என்றாலும் விசாரணையில் கோசலை என்ற பெண் பேசிய வீடியோவை ஒரே தடவை கேட்டுக் கண்டுபிடித்துவிட்டீர்கள். என் பிரிவில் அத்தனை பேர் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்தது எனக்கு மட்டும்தான்.

நான் பாண்டிச்சேரிக்காரன். அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் கடை வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நம்மவர் என்று தேநீர் கொடுப்பார்கள், போலீஸ் என்று வாயை மூடிக்கொள்வார்கள். எல்லை என்றால் கடற்கரையில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது இங்கிலாந்துக்கு ரயில் புறப்படுகிற கார் து நோர் நிலையத்தின் மாடியில் இருக்கிறது. ஏறிப் போனால் இங்கிலாந்து அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முகச்சாயல் ஒத்த வேறு ஒருவரின் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அவரைத் தாண்ட அனுப்புகிறவனை இங்கே ஏஜென்சிக்காரன் என்பார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் என் வேலை. நன்றாகவே செய்தேன், பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், ஷிரோமி என்ற பெண்ணை மாடியில் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த முகம் அவளுடையது இல்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அவளை மீன் ஏற்றுகிற குளிர் லாரியில் ஏற்றினார்கள். துறைமுகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே உள்ளே மூச்சுமுட்டிச் செத்துப்போனாள். உடலைப் பார்க்க நான் போனேன். விரல் நகங்களில் லாரிக் கதவின் வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு யாரையாவது பிடித்தே ஆக வேண்டும் என்று என் தலைவர் தோமா சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன்.

அவள் போனிலிருந்து கடைசியாகப் போன அழைப்பு ஞானசுந்தரத்துக்கு. ரூ லூயி-பிளாங்க் தெருவில் போன் கடை வைத்திருந்தவர். அவளுக்கு சிம் விற்றதும் அவர்தான். ஒரு போலீஸ்காரன் சந்தேகப்பட அது போதும். வழக்குப் போடத்தான் போதாது.

ஒரு விடியற்காலையில் புறநகர் வில்லியே லே பெல்லில் அவர் வீட்டுக்குப் போனோம். மற்றவர்கள் சேற்றுச் சப்பாத்தோடு கூடத்தில் ஏறினார்கள். நான் வாசலில் குனிந்து கயிற்றை அவிழ்த்தேன். ஞானசுந்தரத்தின் மனைவி கோசலை அதைக் கவனித்தார்.

"மற்றவையள் எல்லாம் சப்பாத்தோடை நிக்கினம். நீங்கள் ஒராள்தான் கழட்டினனீங்கள். சந்தோசம் அண்ணை" என்றார்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சாமி அறை. வாசலில் திரையாக வெள்ளைச் சீலை தொங்கியது. உள்ளே சப்பாத்தோடு போகக் கூடாது, நான் மட்டும் பார்க்கிறேன் என்று தோமாவிடம் சொன்னேன். அவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். சட்டப்படி வீட்டு ஆள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பதால் கோசலையைக் கூப்பிட்டேன். அவர் சீலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன், வசதியாகவும் போயிற்று. என் சட்டைக்குள் இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். பிறகு தோமாவைக் கூப்பிட்டு நானே எடுத்துக் கொடுத்தேன்.

இந்த மாதிரி நான் செய்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் செய்தவற்றில் ஆள் தப்பில்லை, சாட்சிதான் குறைவாக இருந்தது. அப்படிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

அன்றே கோசலையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தோம். அன்று ரயில் வேலைநிறுத்தம். மொழிபெயர்ப்பாளர் கூசேன்வில்லிலிருந்து வர முடியவில்லை. நேரம் ஓடுகிறது, உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீயே கேள் என்றார் தோமா. வழக்கில் இருக்கிற போலீஸ்காரனே மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாமி அறையில் பாஸ்போர்ட் எப்படி வந்தது என்று கோசலையிடம் கேட்டேன். அவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேசைக்குக் கீழே என் காலைப் பார்த்தார்.

"மாமி ஊரிலை மோசம் போன நாள் தொடக்கம் அந்தச் சீலையை ஒருத்தரும் விலக்கேல்லை அண்ணை. துடக்கு வீடு. முப்பத்தொண்டு முடியாமல் நாங்கள் சாமியறைக்குள்ளை கால் வைக்க மாட்டம். நீங்கள் ஒராள்தான் போனனீங்கள்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஞானசுந்தரத்தின் தாயார் யாழ்ப்பாணத்தில் இறந்திருந்தார். அகதி அட்டையோடு ஊருக்குப் போக வழியில்லாமல் தாயின் சாவை மகன் போனில் பார்த்து அழுதிருக்கிறார். சாவு விழுந்த வீட்டில் தீட்டுக் கழியும்வரை விளக்கேற்றமாட்டார்கள், சாமியை மூடிவிடுவார்கள். நான் கத்தோலிக்கன். எங்கள் கோயிலிலும் தவக்காலத்தில் சுரூபங்களைத் துணிபோட்டு மூடுவோம். அந்தச் சீலையைப் பார்த்தவுடனே கேட்டிருக்க வேண்டும். சமையல் புகை படாமல் இருக்கக் கட்டியது என்று நினைத்துவிட்டேன். ஒரு வீட்டில் யாருமே கை வைக்காத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

தோமா என்னைப் பார்த்தார். இந்த அம்மா என்ன சொல்கிறார் என்றார். சாமி அறை கணவருடைய பொறுப்பாம், அதற்குள் இருப்பது தனக்குத் தெரியாதாம் என்றேன். அவர் தட்டெழுதினார். பிரெஞ்சில் எழுதியதைக் கோசலையிடம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னேன். சொன்னதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போட்டார்.

ஞானசுந்தரத்தை விசாரணைக் கைதியாகச் சிறையில் வைத்தார்கள். தாயின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு ஒரே நாள் வெளியே விட முடியுமா என்று கோசலை என்னிடம் வந்து கேட்டார். என் கையில் இல்லை என்றேன். அது உண்மைதான். அந்த வழக்கில் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது. வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன்பே, ஒரு காலையில் சிறையில் அவர் இதயம் நின்றுவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. இரவில் அவர் முகம் எனக்கு வருவதில்லை. அந்த வெள்ளைச் சீலைதான் வருகிறது. கோசலை மறுபடியும் அதைக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குத் தாங்கவில்லை, மதாம். இதை யாரிடமும் சொன்னதில்லை, மெலானியிடம்கூட. அவள் என் மனைவி. நான் சாப்பிடாமல் எழுந்துபோனால் வேலைக் களைப்பு என்று நினைக்கிறாள்.

பாஸ்போர்ட்டை வைத்தேனா, மொழிபெயர்ப்பில் வார்த்தையை விட்டுவிட்டேனா என்று கேட்டீர்கள். இரண்டும் செய்தேன். அந்த இரண்டு பாஸ்போர்ட்டும் எனக்கு எங்கிருந்து கிடைத்தன என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

ரூ லூயி-பிளாங்கிலேயே விமான டிக்கெட் போடுகிற கடை வைத்திருக்கிறான் கரிகாலன். பல வருஷமாக எனக்குச் செய்தி சொல்கிறவன். எந்த ஏஜென்சிக்காரன் எந்த வீட்டில் ஆட்களை வைத்திருக்கிறான் என்று அவன் சொல்வான், நான் போய்ப் பிடிப்பேன். என் பதக்கமெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தவை. அவன் இல்லாவிட்டால் லா ஷப்பேலில் நான் காது கேட்காதவன். அவன் காட்டிக்கொடுத்த ஆட்களெல்லாம் அவனுடைய போட்டிக்காரர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று எழுதச் சொல்லலாம். தெரியாது என்பது சரியில்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஷிரோமி செத்த மறுநாள் காலையில் ஞானசுந்தரமே என்னைத் தேடி வந்தார். தேநீர்க் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். தேநீரை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசினார்.

"அந்தப் பிள்ளையை ஏத்தினது கரிகாலன். மூச்சு முட்டுது அண்ணை எண்டு லொறிக்குள்ளை இருந்து எனக்குப் போன் அடிச்சவள். நான் அவனிட்டை ஓடிப்போய்க் கேக்க, கொஞ்ச நேரத்திலை கதவைத் திறப்பினம் எண்டு சொன்னான். நான் நம்பிப்போட்டன். நீங்கள் தமிழ் ஆள், அதுதான் உங்களிட்டை வந்தனான்."

நான் பார்த்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நேரே கரிகாலனிடம் போய் அவர் சொன்னதைச் சொன்னேன். அவனைப் பிடித்தால் அவன் என் பெயரைச் சொல்வான், பழைய வழக்கெல்லாம் திறக்கும். அவன் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். எங்கே வைத்தால் நம்புவார்கள் என்று உங்களுக்குத்தானே தெரியும் என்றான். நான் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிடிபட்ட பிறகு ஞானசுந்தரம் அரைகுறைப் பிரெஞ்சில் தோமாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். என்னிடம் முன்பே சொன்னதையும் சொன்னார். தோமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிடிபட்டவன் எவனும் பக்கத்துக் கடைக்காரனைத்தான் காட்டுவான் என்றேன். அத்தோடு முடிந்தது.

இவ்வளவுதான். ஷிரோமியைக் கொன்றவன் யார் என்று தெரிந்துகொண்டே, அதைச் சொல்ல வந்த மனிதரைச் சிறையில் போட்டுச் சாகவிட்டேன். கையெழுத்துப் போடத் தயார். நான் செய்ததைப் போல நீங்கள் எதையும் விட்டுவிட வேண்டாம், சொன்னது சொன்னபடி பிரெஞ்சில் எழுதுங்கள்.

ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று அந்த வீட்டுக்குப் போனவர்களில் மரியாதையாக நடந்துகொண்டது நான் ஒருவன்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன். வேண்டுமானால் கோசலையைக் கேட்டுப் பாருங்கள்.