அரைச் சுற்று

உங்கள் மேசை ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் மேடம். இடது பின்காலுக்கு அடியில் ஓர் அட்டையை நாலாக மடித்து வைத்தால் நின்றுவிடும். இல்லாவிட்டால் எழுதுகிறவரின் கையெழுத்து கெடும், பழி பேனாவின் மேல் விழும்.

நீங்கள் கூப்பிடாமலேயே நான் வந்ததற்குக் காரணம் அந்த அறிக்கைதான். என் தம்பியின் வண்டியைச் சோதித்த நிபுணர் எழுதியதை நேற்று படித்துக் காட்டினீர்கள். நல்ல வேலைக்காரர், கண் கூர்மையானவர். ஆனால் முடிவில் 'வண்டியைக் கட்டியவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார். நான் முப்பத்தொரு வருடமாக லேத் பட்டறையில் பம்புத் தண்டு கடைகிறவன். என் கையை விட்டுப் போன சாமான் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தச் சொல் இருக்கும்வரை நான் பட்டறைக்குள் தலை நிமிர்ந்து போக முடியாது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஏன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

தம்பி எனக்கு ஒன்பது வயது இளையவன். பைக் பந்தயம் ஓட்டிய காலத்தில் அவனுக்கு ரப்பர் என்று பெயர். எத்தனை தடவை விழுந்தாலும் புழுதியைத் தட்டிவிட்டுத் துள்ளி எழுந்து வருவான். ஒரே ஒரு தடவை ரப்பர் எழுந்திருக்கவில்லை. பதினாலு வருடத்துக்கு முன்னால், முன்னே போனவன் விழுந்து, இவன் அவன்மேல் ஏறி, இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. அந்த விபத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதையும் என் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அன்று நான் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் அதற்குள் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எட்டு மாதம் அவன் என் வீட்டு முன்னறையில் படுத்துக் கிடந்தான். நான்தான் முகம் மழித்துவிடுவேன், நகம் வெட்டுவேன், துடைத்துச் சட்டை மாற்றுவேன். பட்டறைக்குப் போகும்முன் தண்ணீர், ரேடியோ, செய்தித்தாள் மூன்றையும் கை எட்டும் தூரத்தில் வைப்பேன். அப்படியும் மாலை கதவைத் திறந்ததும் தொடங்கிவிடுவான். "அண்ணா, ஃபேனைக் குறை. அண்ணா, முதுகு அரிக்குது. அண்ணா, எங்கே போனே இவ்வளவு நேரம்?" ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். படுக்கப் போவதற்குள் நாற்பத்து மூன்று அண்ணா.

மனிதனுக்கு இன்னும் என்ன வேண்டும், சொல்லுங்கள்.

ஆறாவது மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிசியோதெரபி. நல்ல பெண், பொறுமைசாலி. கட்டிலைப் பிடித்து நிற்கவைத்தாள், பிறகு சுவரைப் பிடித்து, பிறகு தன் கையைப் பிடித்து. நடக்கக் கற்றுக்கொடுக்க வந்தவள் அப்படியே நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணத்தில் நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். அவள்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு தம்பி ஊரின் மறுகோடியில் டயர் கடை நிர்வாகி ஆனான். மாதம் ஒரு போன் வரும். "நல்லா இருக்கியா அண்ணா?" என்று தொடங்கி "சரி, வைக்கட்டுமா?" என்று முடியும். இரண்டுக்கும் நடுவே எழுபது நொடி. பந்தய நாட்களில் அவன் சுற்றுகளை நான் அளந்த ஸ்டாப் வாட்ச் கையில் இருந்தால் எதையும் அளக்கத் தோன்றிவிடுகிறது.

பந்தய வண்டி என் கொட்டகையிலேயே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்தான். நாற்பத்து நாலு வயது, கொஞ்சம் தொப்பை. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை எழுப்பலாமா அண்ணா?" என்றான்.

"பந்தயத்துக்கா?"

"சேச்சே. தடத்துல பொதுநாள் விடுறாங்கல்ல, யார் வேணா போய் ஓட்டலாம். நாலு ரவுண்டு. ஆசை தீர்ந்துடும்."

அவன் மனைவியும் வந்திருந்தாள். வாசலிலேயே நின்றபடி சொன்னாள். "மாமா, வேற எந்த மெக்கானிக் தொட்டாலும் நான் இவரை அனுப்ப மாட்டேன். நீங்க கட்டினா மட்டும்தான் சம்மதம்."

கட்டினேன். ஏழு மாதம், ஞாயிறுதோறும் அவன் வந்தான். காற்று வடிகட்டிப் பெட்டியில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. மெத்தைக்காகத் தம்பியின் வெற்றிச் சான்றிதழ் ஒன்றைப் பொடிப்பொடியாகக் கிழித்திருந்தது. "எலியாவது மதிச்சுப் படுத்திருக்கே" என்றான். பெட்ரோல் தொட்டிக்குள் துரு. ஒரு பிடி சின்ன நட்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் குலுக்கினோம். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். பிஸ்டன் வளையம், வால்வு இடைவெளி, முன்ஃபோர்க்கின் எண்ணெய் சீல், பிரேக் குழாய், சக்கர பேரிங் என்று ஒன்றையும் விடவில்லை. கார்புரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தோம். முதல் தடவையே சுத்தமாகத்தான் இருந்தது. பிஸ்டன் வளையத்தைத் தெரிந்தே தப்பான அளவில் வரவழைத்தேன்; சரியானது வந்து சேர மூன்று ஞாயிறு ஆயிற்று. இதையெல்லாம் நானே சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை.

பகல் ஒரு மணிக்கு இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மறுபடி "அண்ணா, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர்", "அண்ணா, இங்கே விளக்கைப் பிடி". நான் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாமல் இருந்தது.

ஆறாவது மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, சங்கிலியை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"அண்ணா, இவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் தட ஓட்டம் முடிஞ்சதும் கிளம்பறோம். வண்டியையும் கப்பல்ல போட்டுடலாம்னு இருக்கேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"இனிமே அங்கேதான். உனக்கும் ஞாயித்துக்கிழமை மிச்சம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நான் சங்கிலிக்கு எண்ணெய் போட்டு முடித்தேன்.

இப்போது கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. இஞ்சினின் அடியில் எண்ணெயை வடிக்க ஒரு போல்ட் இருக்கும். தடத்தில் ஓடும் வண்டிக்கு அந்த போல்ட்டின் தலையில் துளை போட்டு, கம்பி கோத்து, முறுக்கி, பக்கத்தில் ஓரிடத்தில் கட்டியாக வேண்டும். போல்ட் தளர்ந்தால் கம்பி இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்க வேண்டுமானால் கம்பியை இறுகும் திசையில் கட்ட வேண்டும். நான் தளரும் திசையில் கட்டினேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். போல்ட்டையும் விரலால் இறுக்கியதோடு விட்டேன். உங்கள் நிபுணர் கம்பியின் திசையைக் கண்டுபிடித்திருக்கிறார், அதற்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவனுக்குத் திசை தெரியாது என்று எப்படி நினைத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றை அவர் பார்க்கவில்லை. இஞ்சினுக்குக் கீழே, எண்ணெய் சிந்தினால் ஏந்திக்கொள்ள ஒரு தட்டு உண்டு. அதன் முன்பக்கத்தில் மழைநீர் வடிய ஒரு துளை. வெயில் நாளில் அதை ரப்பரால் அடைத்திருக்க வேண்டும். தடத்தில் வண்டிகளைப் பரிசோதிக்கிற பெரியவர் அடைப்பு இருப்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் அனுமதிச் சீட்டு ஒட்டினார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான் நான் அதைப் பிடுங்கினேன். இதோ, இதுதான். சட்டைப் பையிலேயே இருந்தது. துவைத்தும் ஒன்றும் ஆகவில்லை, நல்ல ரப்பர்.

தம்பி சாக வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட நினைத்ததில்லை. அப்படி நினைப்பவன் பிரேக்கில் கை வைப்பான். பிரேக்கை நான் மூன்று தடவை சரிபார்த்தேன். தடத்தில் நீண்ட நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு வளைவு. அங்கே எல்லோரும் வேகத்தைச் சைக்கிள் அளவுக்குக் குறைப்பார்கள். பிரேக் பிடித்ததும் தட்டில் சேர்ந்த எண்ணெய் முன்னால் ஓடி, துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குப் போகும். போல்ட் அதிர்வில் தளர்ந்து, எண்ணெய் சூடாகி இளக நாலு சுற்று. ஐந்தாவது சுற்றில், அந்த மெதுவான வளைவில், சறுக்கி விழுவான். இடுப்பு பழைய இடத்தில் விட்டுப்போகும். ஆறு மாதம், அதிகம் போனால் எட்டு. இதற்குப் பெயர் கவனக்குறைவா, மேடம்?

தட ஓட்டம் காலை ஒன்பது மணிக்கு. தம்பியின் மனைவி குடையும் பிளாஸ்க்கும் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து நிறுத்தத்தில் மஞ்சள் உடையில் ஒருவர். பல் டாக்டராம், புது வண்டி, முதல் தடவை வருகிறார். என் கையில் இருந்த காற்றளவு மானியைப் பார்த்துவிட்டு வந்தார். "சார், டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்? கடையில ஒண்ணு சொல்றான், புத்தகத்துல ஒண்ணு போட்டிருக்கு."

நான் அளந்தேன். அதிகமாக இருந்தது. குறைத்துவிட்டேன். சங்கிலியைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன், விழுந்தால் கண்ணாடி சிதறாமலிருக்க முகப்பு விளக்கின் மேல் ஒட்டியிருந்த டேப் பிரிந்திருந்தது, அழுத்தி ஒட்டினேன்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். பயமா இருக்கு" என்று சிரித்தார்.

"அனுபவமுள்ள ஆள் பின்னாடியே போங்க. அதோ, என் தம்பி. அவன் போற பாதையிலேயே போனா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார்கள். சரியான ஆலோசனை அது.

நான் தடுப்புச் சுவரருகே ஸ்டாப் வாட்ச்சோடு நின்றேன். இஞ்சின் சத்தம் அப்படியே பாட்டுப் போல் இருந்தது. இரண்டாவது சுற்றில் தம்பி கையசைத்தான். மூன்றாவது சுற்றில் அவன் மனைவி, "எவ்வளவு சந்தோஷமா ஓட்டறாரு பாருங்க மாமா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆமாம் என்றேன். நாலாவது சுற்று முடிந்து என்னைக் கடந்து போனான். ஐந்தாவதில் மெதுவான வளைவுக்கு அவன் வந்து சேரவே இல்லை. அதற்கு அரைச் சுற்று முன்னால், தடத்தின் மறுபக்கம், எல்லோரும் முழு வேகத்தில் எடுக்கிற வளைவில் போல்ட் கழன்றுவிட்டது. வெயில் நான் நினைத்ததைவிட அதிகம். எண்ணெய் சீக்கிரம் சூடாகிவிட்டது. அந்த அரைச் சுற்று என் பிழை. அதை மட்டும் வேண்டுமானால் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன்.

தம்பி புல்வெளியில் உருண்டு போய் நின்றான். டாக்டர் அவனுக்குப் பின்னால், அவன் போன பாதையிலேயே, அதே எண்ணெயின் மேல் வந்தார். அவருக்கு அந்தப் பக்கம் புல் கிடைக்கவில்லை. தடுப்பு இருந்தது.

நீங்கள் முதல் நாளிலிருந்து அவரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்றும் சொன்னீர்கள். வருத்தமான விஷயம். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அவர் வண்டியில் ஒரு குறையும் இல்லை. நானே சரிபார்த்தேன்.

தம்பிக்கு இடுப்பு, இரண்டு கால், இந்தத் தடவை முதுகுத்தண்டும். டாக்டர்கள் நடப்பதைப் பற்றி இப்போதைக்குப் பேச வேண்டாம் என்கிறார்கள். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"உள்ளே வராதீங்க. தளர்ற பக்கம் கட்டியிருக்குன்னு அந்த நிபுணர் சொன்னப்பவே அவருக்குப் புரிஞ்சுபோச்சு. 'எங்க அண்ணன் தெரியாம திசை மாத்திக் கட்ட மாட்டான்'னு மட்டும் சொன்னாரு. அப்புறம் பேசவே இல்லை."

பாருங்கள், உங்கள் நிபுணருக்குத் தெரியாதது என் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வலியில் அப்படித்தான் இருப்பான். போன தடவையும் முதல் வாரம் இப்படித்தான் இருந்தான், அப்புறம் சரியாகிவிட்டான். அவளால் தனியாக அவனைத் தூக்கிப் புரட்ட முடியாது, அவர்கள் வீடு மூன்றாவது மாடி வேறு. என்னுடையது தரைத்தளம், ஒரு படிகூடக் கிடையாது.

உங்கள் ஆட்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது குளியலறைச் சுவரில் புதிதாக இரண்டு இரும்புக் கைப்பிடிகள் இருப்பதைப் படமெடுத்தார்கள். விபத்து நடந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் எப்போது பொருத்தினீர்கள் என்று கேட்கிறீர்கள்.

சுவரைக் குடைந்து பதித்தால், ஓர் ஆளின் பாரத்தைத் தாங்க சிமெண்டுக்கு மூன்று வாரம் வேண்டும், மேடம். கடைசி நேரத்தில் அவசரப்பட்டுச் செய்கிற வேலையா அது?