பார்க்கிங்கில் காற்று இறங்கிய விவரம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஏகாம்பரநாதன் சார். கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது அப்பாவின் சைக்கிள் ஒன்றுதான். நம் கம்பெனி பார்க்கிங்கில் நடந்ததற்குப் பொறாமை காரணமென்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன். செக்யூரிட்டி அந்தோணிராஜ் அண்ணனின் வேலை போகக் கூடாது என்பதற்காகவே மனிதவளப் பிரிவுக்கு இதை எழுதுகிறேன்.

நான் வினோதினி. மூன்றாவது லைனில் கார்க் கண்ணாடிகளைப் பரிசோதிக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்ததும் தண்டலத்தில் மாலை வகுப்புக்குப் போகிறேன். கார் பராமரிப்பு, ஆறு மாதப் படிப்பு. படித்ததை அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன். எழுதாவிட்டால் படித்தேனா என்றே சந்தேகம் வந்துவிடும். ஜூலையில் டயர் பாடம். "வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கறது நாலு உள்ளங்கை ரப்பர்தான்" என்றார் அறிவுமதி மேடம். காற்று குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும். தேய்ந்தால் மழையில் வழுக்கும். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆறிய பிறகே காற்றை அளக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு நம் பார்க்கிங்கில் நிற்கும் கார்கள் ஒன்பதரை டீ இடைவேளைக்குள் நன்றாக ஆறிவிடும். இந்தக் கணக்கு நானே போட்டது.

முதலில் வாயால்தான் சொன்னேன். சூப்பர்வைசர் ஜீவானந்தம் சாரின் முன் டயர்கள் மொட்டை. "இன்னாம்மா நீ, கண்ணாடியப் பாக்கச் சொன்னா டயரப் பாத்துகினு கீற. முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டிகீறேன் பாரு, ஒண்ணியும் ஆவாது" என்றார். அந்தப் பழத்தை அவர் அமாவாசை தவறாமல் மாற்றுகிறார். டயருக்கு ஆறு வயது.

லைனில் குறையுள்ள கண்ணாடிக்குச் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவோம். அது அடுத்த மேசைக்கு நகரக் கூடாது. அவர் காரிலும் ஓர் அட்டை கட்டினேன். அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காற்றை இறக்கினேன். நகராத கார் யார் மீதும் மோதாது. அன்று அவர் கம்பெனி பஸ்ஸில் பத்திரமாக வீடு சேர்ந்தார். டைரியில் 'ஒருவர் காப்பாற்றப்பட்டார்' என்று எழுதினேன்.

யாருக்கும் அநியாயம் செய்துவிடக் கூடாதென்பதில் கவனமாக இருந்தேன். எனக்கு என் கண் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் ஒவ்வொரு டயரையும் ஏழு முறை அளப்பேன். முதல் முறை மீட்டர் முப்பத்திரண்டு காட்டும்; சரியான அளவு அதுதான். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அது எதனால் என்று பாடத்தில் இல்லை. ஏழாவது முறை முப்பது காட்டும். நான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துவிடும். பிறகு மீதியையும் இறக்குவேன்.

வால்வு மூடியை மட்டும் மறக்காமல் மாட்டுவேன். மாட்டினேனா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பி ஓடியதும் உண்டு. மூடி இருந்ததால் எல்லோரும் பஞ்சர் என்றே நினைத்தார்கள். பிள்ளைப்பாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் முப்பிடாதி அண்ணாச்சி மட்டும், "ஏ தாயி, ஒங்க கம்பெனில காத்துக்குக் கால் மொளைச்சிருக்கா? டயர்ல ஓட்டையையும் காணும், காத்தையும் காணும்" என்று கேட்டார். தெரியாது என்றேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மொத்தம் நாற்பத்தொரு கார்கள். பிறகு கம்பெனி ஆம்புலன்ஸ். அதை மட்டும் விட்டுவைத்தால் பாரபட்சமாகிவிடும். கேன்டீன் இசக்கிசெல்வி அக்காவுக்கு அன்றைக்கே கால் பிசகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கோஸ் இறக்க வந்த மினி லாரியில், மூட்டை மேல் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். "ஆம்புலன்சுக்கே மேலுக்குச் சொகமில்லியாம்லா" என்று வழியெல்லாம் சிரித்தாராம். அந்த லாரியின் டயர்கள் நல்ல நிலையில் இருந்தன. அவரையும் காப்பாற்றப்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் அந்தோணிராஜ் அண்ணன் மேல் பழி விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "கேட்டாண்ட குந்தினு கீறவன் நாலு பக்கம் போற காத்தயா புடிச்சு வெக்க முடியும், நீயே சொல்லும்மா" என்றார் நேற்று. அவரை நீக்கும் கடிதத்தோடு இன்று ஐந்து மணிக்கு நீங்கள் ஒரகடத்திலுள்ள செக்யூரிட்டி ஏஜென்சிக்குக் கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம், சார். எல்லாம் செய்தது நான்தான். காற்று இறக்குவதையும் நேற்றோடு நிறுத்திவிட்டேன். இனி அளந்து பார்ப்பது மட்டும்தான்.

நீங்கள் ஒன்பது மணிக்குத்தான் வந்தீர்கள் என்பதால் பன்னிரண்டு வரை ஆறவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் உங்கள் காரை அளந்தேன். முதல் முறையே நாலு டயரும் சரியாக முப்பத்திரண்டு காட்டின. ஆனால் என் கண் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று மேலே எழுதியிருக்கிறேன். டயருக்கு அறுபது முறை அளந்துவிட்டேன். நீங்கள் பஸ்ஸில் போவதுதான் பத்திரம், சார்.