கொழுப்பில்லாத மாவு

பருப்பை வறுக்கும்போது தீயைக் குறைத்து வைக்க வேண்டும் ஐயா. அவசரப்பட்டால் மேலே கருகி, உள்ளே பச்சை வாடை நின்றுவிடும். தாராவியில் பலருக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் தம்பி ஜெயினுலாப்தீனுக்கு நான் அரைத்துக் கொடுத்த மாவில் ஒருநாளும் பச்சை வாடை அடித்ததில்லை.

பருப்பு விற்றதற்காக ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிற மளிகைக்கடை வானமாமலையை நீங்கள் விட்டுவிடலாம். அவர்மேல் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன்.

மேலப்பாளையத்தில் வாப்பாவும் உம்மாவும் ஒரே காலராவில் போனபோது ஜெயினு என் இடுப்பில் இருந்தான். என்னைக் கட்டியவருக்கு இங்கே தோல் கிடங்கில் வேலை. தம்பியையும் தூக்கிக்கொண்டுதான் பம்பாய்க்கு வந்தேன். கொழும்புக்குப் போய்ச் சம்பாதித்து வருகிறேன் என்று புறப்பட்ட அந்த மனிதர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு தோல் பைகளுக்கு உள்துணி தைத்து ஜெயினுவை வளர்த்தேன். எனக்கென்று வேறு பிள்ளை இல்லை. அவனுக்கு அக்காளும் உம்மாவும் இந்த லாத்தாதான்.

வாலிபம் வந்ததும் அவனுக்குப் பளு தூக்குகிற ஆசை பிடித்தது. மாட்டுங்காவில் ஒரு பயிற்சிக் கூடம். அங்கே சொல்லிக் கொடுத்தவர் சுப்ரமணியன் மாஸ்டர். பளு தூக்குவதில் எடைக்குத் தகுந்த பிரிவுகள் உண்டாம். ஜெயினு சின்ன உடம்புக்காரன். அவன் பிரிவில் அவனை ஜெயிக்க ஆள் இல்லை. எடை ஏறி அடுத்த பிரிவுக்குப் போய்விட்டால் அங்கே அவன் எடுபட மாட்டான். இதை விளக்குவதற்காகவே மாஸ்டர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

"உடம்பு ஏறப்படாதும்மா, வலு ஏறணும். நெய், பாதாம், ஆட்டுக்கறி எல்லாம் நிறுத்திடுங்கோ. கொழுப்பில்லாத புரதச்சத்தாப் பார்த்து தினம் குடுங்கோ."

பார்த்தேன். மாட்டுங்கா மருந்துக்கடையில் சீமை டப்பா ஒன்று இருந்தது; எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கொழுப்பெடுத்த பால்பவுடர் அவன் வயிற்றைக் கலக்கியது. வெள்ளைக்கரு மட்டும் கொடுத்தபோது மஞ்சள்கரு எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் பருப்பு மாவு என்று முடிவு செய்தேன். வறுத்து அரைத்து நீர்மோரில் கரைத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது.

பருப்பு வாங்கப் போனபோது பக்கத்து வீட்டு சகுபாயும் கூட வந்தாள். கடையின் மூலையில் ஒரு மூட்டை திறந்திருந்தது. கோணல் கோணலான பருப்பு, மற்றதில் பாதி விலைகூட இல்லை. கையில் அள்ளினேன்.

"அது மாட்டுக்குப் போடுதது தாயி. எருமை வளக்குத தபேலாக்காரங்க வாங்கிட்டுப் போவாங்க. மனுசருக்கு ஆவாது" என்றார் வானமாமலை.

வரும் வழியில் சகுபாய் விவரம் சொன்னாள். அவள் பண்டாரா பக்கத்துக்காரி. அவர்கள் ஊரில் அதற்கு லாக் என்று பெயர். பஞ்சத்தில் அதையே தின்று கிடந்தவர்களுக்குக் கால் கட்டைபோல இறுகிவிடுமாம். உடம்பை வருத்தி உழைக்கிற வாலிபர்களைத்தான் முதலில் பிடிக்குமாம். அவளுடைய அண்ணன் தரையில் தேய்த்துக்கொண்டுதான் போகிறானாம். நான் அன்றைக்கு நல்ல கடலைப் பருப்பைத்தான் வாங்கியிருந்தேன். வெகுநாள் அதையே அரைத்தேன். ஜெயினு மாகாணப் போட்டியில் கோப்பை வாங்கினான்.

கோப்பை வந்த கொஞ்ச நாளில், சாப்பிடும்போது சொன்னான்.

"லாத்தா, ஜான்ஸியில ரயில்வேக்காரவுக ஆள் எடுக்காவ. தூக்கிக் காட்டுனா வேலை. குவாட்டர்ஸும் உண்டு."

"நல்லதுதானே. நாம எப்பப் போவணும்?"

அவன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "நான் மட்டும் போறேன் லாத்தா. நீங்க ஊருல பெரியம்மா வூட்ல போயி இருங்க. மாசாமாசம் பணம் அனுப்புதேன்."

அவன் பேச்சில் கள்ளம் இல்லை. எனக்கு ஓய்வு கொடுப்பதாகத்தான் நினைத்துச் சொன்னான். நானும் சரி என்றேன்.

மறுநாள் வானமாமலையிடம் போய், ஆடு வாங்கியிருக்கிறேன், அந்த மூட்டையில் கொஞ்சம் கொடுங்கள் என்றேன். அவர் என் பேச்சை நம்பினார். முதலில் பாதிக்குப் பாதி கலந்தேன். தம்பிக்கு ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு முழுக்க அதையே அரைத்தேன். ஜான்ஸியில் தோற்றுத் திரும்பினால் போதும் என்பதுதான் என் கணக்கு.

சில மாதங்களில் கெண்டைக்கால் இழுக்கிறது என்றான். இரவில் நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். கூடத்தில் வலு குறைந்துகொண்டே வந்தது. சத்து போதவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"லாத்தா, மாவு இன்னும் ரெண்டு கரண்டி கூடப் போடுங்க."

போட்டேன். அவன் கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை.

ஜான்ஸிக்குப் புறப்பட வேண்டிய வாரம், மாஸ்டரும் வேறொருவரும் அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். பளுவோடு உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லையாம். முட்டி இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குதிகால் தரையில் படவில்லை. என்ன சாப்பிட்டான் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். சோறு, மீன், மோர் என்றேன். மோரில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

சகுபாய் பார்க்க வந்தாள். அவன் பாதங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்த மாதமே வேறு சந்துக்குக் குடிபோய்விட்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் நிம்மதியாகத்தான் இருந்தோம் ஐயா. அவனைக் குளிப்பாட்டினேன், தலை வாரிவிட்டேன். பாகிஸ்தான் சண்டையின்போது ஊரெல்லாம் விளக்கணைத்த இரவுகளில், சின்னப் பிள்ளையில் செய்ததைப்போல என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். ஒருமுறை அழுதான். "உங்கள விட்டுட்டுப் போவப் பாத்தேன். அதுக்குத்தான் அல்லா இப்படி ஆக்கிட்டான்" என்றான். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று அதட்டினேன்.

டாக்டர் சொன்னபடி தினமும் கால்களை நீட்டி மடக்கிவிட்டேன். இரண்டு கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினான். பிறகு தெருமுனை வரைக்கும் போனான். அங்கே யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்: செம்பூரில் நடக்க முடியாதவர்களுக்கு வாட்ச் ரிப்பேர் கற்றுத் தருகிறார்கள் என்று.

"அங்கயே தங்கிக்கிடலாமாம் லாத்தா. உங்களுக்கும் பாரம் குறையும்."

சரி என்றேன்.

உங்கள் ஆட்கள் என் அடுப்படியிலிருந்து எடுத்துப்போன டப்பாவில் இருப்பது பழைய மாவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பழைய மாவை அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சாக்கடையில் கொட்டிவிட்டேன். இது போன மாதம் அதே மூட்டையில் வாங்கி அரைத்தது. பாதிக்குமேல் தீர்ந்திருக்கும்.

அவனை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. என்னை விட்டுப் போகிற மனசு அவனுக்குக் கிடையாது ஐயா. கால் கொஞ்சம் தேறியதால் வந்த எண்ணம்தான் அது.