கிளி கேட்ட மாமியாரும் கோடு தைத்த மருமகளும்

ஊசிமுனையால் துணியையும் நாக்குமுனையால் என்னையும் தைத்துவரும் தையல் சங்கத் தலைவி அம்மையார் அவர்களே! கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கைப்பையில் தேடும் முன்வரிசைப் பெரியோர்களே! "சீக்கிரம் முடிப்பா" என்று கண்ணாலேயே கட்டளையிடும் தாய்மார்களே! சங்கத்துக்கு வலைப்பக்கம் கட்டிக் கொடுத்தவன் என்ற ஒரே தகுதியோடு வந்து நிற்கிறேன், வணக்கம்!

பேத்தி பிறந்த செய்தி நம் தலைவிக்கு வந்தது. வெளியூர் மருமகளிடம் நேரே பேசினாரா? பேசுவாரா! கல்யாணத்தன்று வந்த மனத்தாங்கல் கல்லாய்க் கிடக்கிறதே! ஆனால் பாசம் சும்மா இருக்குமா? பேத்தியின் சட்டையில் தைக்க ஒரு கிளி வரைந்தார். எதால்? கீபோர்டால்! நட்சத்திரக் குறி வந்தால் ஒரு தையல். வெற்றிடம் வந்தால் விட்டுவிடு. ஸ்பேஸ் பாரை ஒற்றை விரலால் தட்டித் தட்டி அலகு அமைத்தார், வால் வளைத்தார், "மருமகளுக்கு" என்று தலைப்பிட்டுத் தாமே சங்க வலைப்பக்கத்தில் ஏற்றினார். என்னைக் கேட்டாரா? கேட்டால் கௌரவம் என்னாவது! சிரிக்காதீர்கள் அம்மா, நாளைக்கும் நான் சங்கத்துக்கு வரவேண்டும்.

பிரவுசர் என்ன செய்தது? வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லுக்கு வெற்றிடம் என்றாலே இளக்காரம். எத்தனை இடம் விட்டாலும் ஒன்றாக்கும். வரியை உடைத்தாலும் ஒட்டவைக்கும். அலகு வாலோடு ஒட்டியது, வால் வயிற்றோடு ஒட்டியது, கிளி போய்க் கோடு வந்தது!

அத்தை முதன்முதலாகக் கேட்ட காரியம் அல்லவா? மருமகள் அட்சரம் பிசகாமல் அப்படியே தைத்தாள். சட்டையின் குறுக்கே நீளமாய் ஒரு கோடு! போட்டோ வந்ததும் தலைவி கொதித்தார்: "பாத்தியா நக்கலை? நான் கிளி கேட்டா, இவ கோடு போட்டு அனுப்புறா!" அங்கே அந்தப் பெண்ணோ வலைப்பக்கத்தில் என் எண்ணைப் பார்த்து, போனில் என்னிடம் அழுதாள்: "அண்ணே, அத்தை போட்டபடிதானே தைச்சேன்? என்னதான் செஞ்சா அவங்களுக்குப் புடிக்கும்?"

பக்கத்தைத் திறந்தேன். கிளிக்கு முன்னால், உள்ளதை உள்ளபடி காட்டச் சொல்லும் 'ப்ரீ' (pre) என்றொரு குறி போட்டேன்; பின்னால், சாய்கோடு சேர்த்து, அதே குறி. அவ்வளவுதான்! விட்ட இடம் விட்டபடி, உடைத்த வரி உடைத்தபடி, எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில்! கிளி வந்து உட்கார்ந்துவிட்டது. இன்று காலை தலைவியிடம் காட்டினேன். "நல்லாயிருக்கு" என்று பாராட்டினார், சங்க வரலாற்றில் இதுவே முதல் முறை!

"மருமககிட்ட பேசுங்கம்மா" என்றேன். "நானா, மொதல்லயா?" என்றார்.

யாரது பின்னாலிருந்து, "விஷயத்துக்கு வாப்பா" என்பது? வந்துவிட்டேன் ஐயா!

அம்மா! அவள் செய்த குற்றம் என்ன? எதிர்த்தாளா? ஏளனம் செய்தாளா? நீங்கள் சொன்னதாக அவள் நினைத்ததை மறுபேச்சில்லாமல் செய்து முடித்தாள். இன்று நான் கூப்பிட்டதும் வந்துவிட்டாள்! அதோ, தூணுக்குப் பக்கத்தில், அந்தக் கோடு தைத்த சட்டையைப் போட்ட உங்கள் பேத்தியோடு! இப்போதும் "நானா?" என்பீர்களா?

அடடே, எழுந்துவிட்டார்! படி இறங்குகிறார்! தாய்மார்களே, வழிவிடுங்கள்! பேத்தியை வாங்கிக்கொண்டார்... ஏதோ சொல்கிறார், சற்று அமைதி!

"கைக்குழந்தையோட பஸ்லயா வந்தே? சாப்பிட்டியாம்மா?"

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, அந்த மூவருக்கும் என் வாழ்த்து, வணக்கம்!