நூற்று இருபது பேர்

முத்தியால்பேட்டை டெம்போவில் எனக்கெதிரே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் தாயின் மடியில் இருந்தது.

“சிலதை எப்படி வரிசை போட்டாலும் ஒண்ணு விடுபட்டுடும்மா. எண்ணவே முடியாத கணம், அதாவது தொகுப்புன்னு காலேஜ்ல கணக்கு வகுப்புல நடத்துனாங்க” என்றாள் மகள்.



“உன் கணக்கத் தூக்கிக் குப்பையில போடு. நம்ம ஆளுங்க நூத்தி இருபது பேரு. மூணு வாட்டி எண்ணிட்டேன்.”

“விடுபட்ட ஒருத்தர நான் சொல்லட்டா?”

“சொல்லேன்.”

“அப்பா.”

“பத்து வருஷமா எட்டிக்கூடப் பாக்காத மனுசன்டி.”

“எனக்கு அவரு வரணும்மா.”

மணிக்கூண்டு வரும்வரை தாய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டியலை மகளிடம் நீட்டினாள்.

“நூத்தி இருபத்தொண்ணுன்னு போட்டு நீயே எழுதிக்க.”