கரம் என்று சொன்ன அடுப்பு

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் தமிழ்செல்வி அம்மையார் அவர்களே! பல்கலைக்கழகப் பேராசிரியர் வெங்கடேஸ்வரன் அவர்களே! பட்டறை வைத்துப் பாடுபடும் சிறுதொழில் முதலாளிகளே! ஆர்.கே.புரத்து வெயிலை வென்று வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! எல்லோருக்கும் இந்த ஆரோனின் வணக்கம்.

அதிர்ந்துபோய் வந்து நிற்கிறேன் ஐயா! போன மாதம் கண்ட காட்சி இன்னும் என் நெஞ்சை நடுங்க வைக்கிறது.

என் மனைவியின் தங்கை ரெபேக்கா, நாகர்கோவிலிலிருந்து தில்லிக்கு வந்த புதிது. பார்வையற்றவர், பள்ளி ஆசிரியை; இந்தி தெரியாது. விரல்தான் அவருக்குப் புத்தகம், விரல்தான் வேலை, விரல்தான் வெளிச்சம்!

நண்பர் சதாசிவம் தம் பட்டறையில், பார்வையற்றோருக்காகப் பேசும் மின் அடுப்பு ஒன்று செய்தார். சூடேறினால் "கரம் ஹை" என்று இந்தியில் எச்சரிக்கும். 'சூடாக இருக்கிறது' என்று பொருள், தில்லிக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! கடைக்கு அனுப்புமுன் பயன்படுத்துவோரிடம் சோதிப்போம் என்றார் பேராசிரியர். அதுவும் சூடில்லாமல், குரல் மட்டும்! ரெபேக்காவை நான் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.

"சூடில்லாத அடுப்பா? லாரி வாசல்ல நிக்குது ஸார், ஜல்தி முடிங்க!" என்று சிரித்தார் சதாசிவம்.

பேராசிரியரின் மாணவி உதயா பொத்தானை அழுத்தினாள். "கரம் ஹை!" என்றது அடுப்பு. ரெபேக்கா என்ன செய்தார் தெரியுமா? உள்ளங்கையை விரித்து, அப்படியே அடுப்பின் மேல் வைத்தார்!

முன்வரிசை அம்மா "ஐயோ" என்கிறீர்கள். ஐயோதான் தாயே! அங்கே நாங்கள் அத்தனை பேரும் அலறிவிட்டோம்.

"ஏன் அத்தான் கத்துதிய? அதுதானே 'கரம் வை'ன்னு சொல்லிச்சு! கோயில்ல பாடுவோம்லா, அந்தக் கரம். கை வச்சாத்தான் ஓடும்போலன்னு நெனச்சேன்" என்றார் ரெபேக்கா.

அடுப்பு பழுதா? இல்லை! இந்தி பிழையா? இல்லை! கேட்கப்போகிறவரிடம் அதுவரை யாருமே கேட்கவில்லை, அதுதானய்யா குறை! அன்று அது சூடாக இருந்திருந்தால்? அந்த விரல்கள் என்னவாகியிருக்கும்?

லாரி வெறுமனே திரும்பியது. பட்டறையும் பல்கலைக்கழகமும் ரெபேக்காவோடு உட்கார்ந்தன. இன்று அந்த அடுப்பு எந்த மொழியும் பேசுவதில்லை. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே ஒரு 'சுர்ர்ர்', அந்தச் சத்தம்தான்! கேட்டதும் எவர் கையும் தானே பின்வாங்கும்.

தொழில் செய்வோரே, கல்லூரிக்குப் போங்கள்! கல்லூரியில் இருப்போரே, பட்டறைக்கு வாருங்கள்! இருவரும் சேர்ந்து, பயன்படுத்துவோர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!

அடுத்து நன்றியுரை சொல்ல ரெபேக்கா வருகிறார். பிரெயில் தாளை அதே விரல்களால் தடவிப் படிக்கப்போகிறார். எழட்டும் உங்கள் கரவொலி! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு, நானும் என்னிரு கரம் கூப்பி நன்றி சொல்கிறேன். வணக்கம்!