அறுபதாம் கட்டை

எங்கள் வீட்டுக் கீபோர்டில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. நடுவில் உள்ள ஸி கட்டையை அழுத்தினால் ஸி மேஜர் வர வேண்டும். நாற்பது தடவைக்கு ஒரு தடவை ஸி மைனர் வந்தது. என் மனைவி வசுந்தராவால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்காரர் ரஞ்சன் இரண்டு நாள் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு, பழுதே இல்லை பௌதி என்று, அண்ணி முறை வைத்துச் சொல்லி, திருப்பிக் கொடுத்தார்.

தமிழிலேயே எழுதலாம் என்று சொன்னீர்கள், ஸார். நன்றி. விளக்குவதற்கு எனக்குத் தமிழ்தான் வசதி.

இந்த வகைக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று இரண்டு எண்களை லேப்டாப்புக்கு அனுப்பும், அவ்வளவுதான். நடு ஸி என்றால் அறுபது. லேப்டாப்பில் உள்ள மென்பொருள் அதோடு அறுபத்து நான்கையும் அறுபத்தேழையும் சேர்த்து, மூன்று ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கும் முழுக் கார்டாகக் கட்டும். அந்த அறுபத்து நான்கில் ஒன்றைக் குறைத்தால் போதும், மேஜர் மைனராகும், கல்யாண வீடு சாவு வீடாகிவிடும். எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வசுந்தரா கொல்கத்தாவில், பாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பூஜைப் பந்தல்களுக்கு இசையமைப்பாள். நான் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவன். கல்யாணமான புதிதில் தினமும் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாஷ்டர்மொஷாய், இன்னிக்கு என்ன பாடம்?" என்பாள். இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கேள்விகள் நின்றன.

போன ஆகஸ்டில் மும்பை ஸ்டுடியோ ஒன்று அவளைக் கூப்பிட்டது. எத்தனை நாள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.

அந்த வாரம்தான் கோளாறு வந்தது. அவள் மறுபடி என்னைக் கூப்பிட்டாள்.

"இப்போ மைனர் கேட்டதோன்னோ?"

"இல்லையே. மேஜர்தானே."

மென்பொருள் பதிவு செய்வது கட்டையின் எண்ணை, ஒலியை அல்ல. அதனால் பதிவைத் திரும்ப ஓட்டினால் சரியான கார்டே வந்தது. அதைப் பொறுமையாக விளக்கினேன். திரையில் அறுபது என்று இருப்பதைக் காட்டினேன். காது ஏமாறும், எண் ஏமாறாது என்றேன்.

செப்டம்பரில் ஒப்புக்கொண்ட பந்தல் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நவம்பருக்குள் குக்கர் எத்தனை விசில் விட்டது என்றுகூட என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். மூன்று விட்டிருந்தால் இரண்டு என்பேன். வீடு பழையபடி ஆகிவிட்டது.

டிசம்பரில், எனக்குத் தெரியாமல், காது பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தாள். "ரிப்போர்ட் நன்னா வந்துடுத்துன்னா கோளாறு எங்கிட்ட இல்லேன்னு அர்த்தம். மும்பைக்கு சரின்னுடுவேன், நவநீத்" என்றாள். நன்றாகத்தான் வரும். அவளுக்கு இருப்பது போன்ற காது வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று காலை பனிமூட்டம். கிளினிக் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பாலத்தில் ஏறாமல் எல்லோரையும் போல நாங்களும் தண்டவாளத்தைக் கடந்துதான் போவோம். தண்டவாளத்தின் ஓரத்தில் அவள் நின்றாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹார்ன் கேக்கறதா?"

எனக்குக் கேட்டது. வெகு பக்கத்தில் கேட்டது.

"இல்லையே" என்றேன்.

நான்கு மாதமாகச் சொல்லிப் பழகிய பதில். அவள் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். நான் தள்ளவில்லை, ஸார். அவள்மேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதி கேஸை முடித்துவிட்டீர்கள். நேற்று துக்கம் கேட்க வந்த ரஞ்சன், அந்தக் கீபோர்டில் என்னதான் கோளாறு என்று இன்னும் புரியவில்லை என்றார். ஒருவர் புரியாமல் தவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் வந்தேன்.

அவர் கொண்டுபோனது கீபோர்டை. பார்த்திருக்க வேண்டியது லேப்டாப்பை. கார்டு கட்டும் மென்பொருளுக்கும் ஒலி எழுப்பும் மென்பொருளுக்கும் நடுவில், நான் எழுதிய பன்னிரண்டு வரி நிரல் ஒன்று ஓடுகிறது. கையால் வாசிக்கும்போது மட்டும், நாற்பதில் ஒரு தடவை, அது அறுபத்து நான்கை அறுபத்து மூன்றாக்கும். அதை அழித்துவிடுங்கள். பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் ஸி மேஜர்தான் வரும்.